அம்மிக்கல் வைத்த மூடி



மழலையர் மையங்களில் பாதுகாப்பும் தரமும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் அதைச் சின்னதாக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு மூடியைப் பற்றிப் பேசப்போகிறேன்.

நான் பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். வாடகைக் கட்டடம். ஒரு கூடம், ஒரு சமையல் மூலை, பின்பக்கம் கொஞ்சம் மண் தரை. அந்த மண் தரையின் ஓரத்தில் ஒரு சம்ப், தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி. அதற்கு மூடி என்று இருந்தது இரண்டு மரப்பலகைகள். ஒருநாள் மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று நான் குனிந்த தலை நிமிராமல் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். ஆயம்மா வழக்கம்போல ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டு எண்ணினார். பதினெட்டு இருக்க வேண்டும், பதினேழுதான் இருந்தது. மறுபடி எண்ணவில்லை அவர். நேரே பின்பக்கம் ஓடினார். அங்கே மூன்று வயதுப் பையன் ஒருவன் பலகையின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, இரண்டு பலகைக்கும் நடுவே இருந்த இடுக்கில் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டு, அது தண்ணீரில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆயம்மா கத்தவில்லை. அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். மறுநாள் காலை தன் வீட்டு அம்மிக்கல்லை ஒரு சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துவந்து அந்தப் பலகைமேல் வைத்தார். சிமெண்டு மூடி போட்டுக் கொடுக்கும்வரை அந்த அம்மி அங்கேயே இருந்தது. தினமும் கதவைத் திறந்ததும் அவர் முதலில் போய் அம்மியைத் தொட்டுப் பார்ப்பார். பிறகுதான் துடைப்பத்தை எடுப்பார். அந்தப் பதிவேட்டில் நான் அன்றைக்கு எழுதிய வருகை பதினெட்டு. அதை இன்றைக்கும் நினைத்தால் என் கை நடுங்குகிறது. எழுதிய எண் சரியாக இருந்தது, பிள்ளை அங்கே இல்லை.

அன்பானவர்களே, எல்லாருக்கும் அப்படி ஓர் ஆயம்மா வாய்ப்பதில்லை. 2025-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி, விக்கிரவாண்டியில், எல்.கே.ஜி. படித்த ஒரு பெண் குழந்தை பள்ளி வளாகத்தின் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோனாள். அந்தத் தொட்டியின் இரும்பு மூடி துருப்பிடித்துப் போயிருந்ததாகச் செய்திகள் வந்தன. தமிழ்நாடே கலங்கியது. நூற்றுப் பதினாறு நாள் கழித்து, அதே வருஷம் ஏப்ரல் 29, மதுரையில் ஒரு மழலையர் பள்ளியில் நான்கு வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தாள். நாலு மாசம்கூட ஆகவில்லை! விக்கிரவாண்டிச் செய்தியை நாம் எல்லோரும் படித்தோம், 'ஐயோ' என்றோம், கண்ணைத் துடைத்துக்கொண்டோம். ஆனால் எத்தனை பேர் அன்று மாலை நம் பிள்ளை போகும் இடத்துக்குப் போய்க் குனிந்து அங்கிருக்கும் மூடியைப் பார்த்தோம்?

இதை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்ற நம் வட்டாரத்தில் நின்று நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அறுபதுகளிலேயே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வளர்ந்தது. வேலை தேடி வந்தவர்கள் இங்கேயே வீடு கட்டினார்கள். இன்றைக்கு நம் தெருக்களில் இருக்கும் பிளே ஸ்கூல்களில் பெரும்பாலானவை குடியிருக்கக் கட்டிய வீடுகள்தான். வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு சம்ப், பின்னால் ஒரு செப்டிக் டேங்க், படிக்கட்டுக்கு அடியில் மோட்டார், இடுப்பு உயரத்தில் சுவிட்சுப் பெட்டி. பெரியவர்கள் வாழ்வதற்காகக் கட்டிய வீட்டில் முப்பது சின்னப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிறோம். நம் இடுப்பு உயரம் அவர்களுக்கு முகத்தின் உயரம் என்பதை நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தொழிற்பேட்டைக்குள் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்றுவிட்டால் எது தரை, எது மூடி, எது திறந்த குழி என்று பெரியவர்களுக்கே தெரிவதில்லை.

விதிகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. ஆனால் அந்த விதிப்புத்தகத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஓர் ஊரின் பெயர் நிற்கிறது. கூரையைப் பற்றிய பக்கத்தில் கும்பகோணம். 2004 ஜூலை 16 அன்று சமையல் கூடத்துத் தீ ஓலைக்கூரையில் ஏறி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அதன்பிறகுதான் பள்ளிகளில் ஓலைக்கூரையே கூடாது என்று அரசு அகற்றியது. பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் பகுதிதான் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அந்தத் தீயை முன்வைத்து வந்த வழக்கில்தான். பேருந்தைப் பற்றிய பக்கத்தில் சேலையூர். 2012 ஜூலையில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து இறந்தாள். அதே வருஷம் பள்ளிப் பேருந்துகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. மூடியைப் பற்றிய பக்கத்துக்கு விக்கிரவாண்டியும் மதுரையும் பெயர் கொடுத்துவிட்டன. இனி வரும் எந்தப் பக்கத்திலும் அம்பத்தூர் என்றோ, ஆவடி என்றோ, பூந்தமல்லி என்றோ எழுதப்படக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ஓலைக்கூரையை எடுத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் கூரை இல்லாத நர்சரிப் பள்ளியைத் தேட வேண்டியிருந்தது. இன்றைக்குக் கூரை போட்ட பள்ளியைத் தேட வேண்டியிருக்கிறது. சட்டம் இருந்தது, அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், பெற்றோரும் கூரையைக் கண்டால் பிள்ளையைச் சேர்க்க மறுத்தார்கள். மூன்றும் சேர்ந்தபோது கூரை போனது.

இப்போது தரத்துக்கு வருகிறேன். 2013-இல் மத்திய அரசு முன்பருவக் கல்விக்கான தேசியக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. விட்டுக்கொடுக்கவே கூடாதவை என்று சிலவற்றை அது சொல்கிறது. 30 பிள்ளைகளுக்குக் குறைந்தது 35 சதுர மீட்டர் வகுப்பறை, அதாவது நம் கணக்கில் சுமார் 375 சதுர அடி. வெளியே விளையாட 30 சதுர மீட்டர். மூன்று வயதுக்கு மேல் 20 பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், மூன்றுக்குக் கீழே 10 பிள்ளைகளுக்கு ஒருவர். சமையலுக்குத் தனி இடம். குடிக்க நல்ல தண்ணீர், பிள்ளைகளுக்கு ஏற்ற கழிப்பறை, முதலுதவிப் பெட்டி. கற்பிப்பது தாய்மொழியில். நம் தமிழ்நாடு அரசும் 2015-இல் பிளே ஸ்கூல்களுக்கென ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது.

இந்த எண்களைப் பார்த்துச் சிலர் கேட்கிறார்கள்: "இருபது என்ன, முப்பதுதான் இருக்கட்டுமே, என்ன ஆகிவிடும்?" நான் சொல்கிறேன் கேளுங்கள். ஒரு பிள்ளை 'ஒண்ணுக்கு வருது' என்கிறது. டீச்சர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறார். மீதிப் பிள்ளைகளை யார் பார்ப்பது? இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் அடுப்படியில் சாம்பார் இறக்கிக்கொண்டிருந்தால்? அப்போது அந்தக் கூடத்தில் பெரியவர் கண் ஒன்றுகூட இல்லை. அந்த ஐந்து நிமிஷம் போதும், புளியங்கொட்டையோடு ஒருவன் பின்பக்கம் போய்விடுவான். இந்த எண்களைப் போட்டவர்கள் அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

சிலர் பாதுகாப்பு வேறு, கல்வித் தரம் வேறு என்று பிரித்துப் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் இரண்டும் ஒன்று. மூன்று வயதுப் பிள்ளையைச் சுவரோரம் உட்காரவைத்து, கையில் பென்சிலைத் திணித்து, ஏ பி சி டி எழுது என்று சொல்லிப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் அவன் கண் வாசலுக்குப் போய்விடும், அரை மணியில் காலும் போய்விடும். அதே பிள்ளைக்கு மணலும் கொட்டாங்குச்சியும் கொடுங்கள், ஒரு கதை சொல்லுங்கள், பாட்டுப் பாடுங்கள். உங்களை விட்டு அசைய மாட்டான். நம் அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்தார்கள். நல்ல விளையாட்டு நடக்கும் கூடத்திலிருந்து பிள்ளை நழுவிப் போவதில்லை. அன்றைக்கு அந்தப் பையன் பலகையைத் தேடிப் போனானே, அவனுக்குச் சத்தம் கேட்கும் ஆசை. ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் கொட்டையும் கூடத்திலேயே என் கண்ணெதிரில் கொடுத்திருந்தால் அவன் ஏன் அங்கே போகிறான்? குற்றம் பலகையில் பாதி, என் பாடத்தில் பாதி.

தொழிலதிபர்களும் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1907-இல் ரோம் நகரில், சான் லொரென்சோ என்ற தொழிலாளர் குடியிருப்பில், அப்பா அம்மா வேலைக்குப் போனபின் தனியே கிடந்த பிள்ளைகளுக்காக ஓர் அறையைத் திறந்தார் மரியா மாண்டிசோரி அம்மையார். பிள்ளை உயரத்துக்கு நாற்காலி, பிள்ளை உயரத்துக்கு அலமாரி. அதே அம்மையார் 1939-இல் நம் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகம் போற்றும் அந்த முறை பிறந்தது தொழிலாளர் தெருவில். நம் தெருக்களும் அப்படிப்பட்டவைதானே? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே பெண்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் செய்த திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களிலும் அதைக் கேட்டது. ஆனால் நம் பேட்டையில் பல பட்டறைகள் பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் இடங்கள். சட்டத்தின் கணக்குக்குள் அவை வருவதில்லை, அங்கே வேலை செய்யும் தாயின் பிள்ளை மட்டும் இருக்கத்தானே செய்கிறது? பத்துப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு பொதுக் காப்பகம் நடத்துங்கள். ஏரியாவுக்கு ஒன்று போதும். லேத்தில் நிற்கும் தாய்க்குப் பிள்ளை பக்கத்திலேயே பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் அவள் கவனமும் வேலையில் இருக்கும்.

பால்வாடி டீச்சரைப் பற்றியும் ஆயம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்துக்கு ஐம்பது வயது ஆகிவிட்டது. அதன்கீழ் நம் மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள். காலையில் வந்தால் சத்துமாவு, எடை பார்ப்பது, தடுப்பூசிக் கணக்கு, கர்ப்பிணிகளின் கணக்கு, எல்லாவற்றையும் செல்போனில் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுவது, தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல். எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பிள்ளையைப் பார் என்றால் டீச்சர் எப்போது பார்ப்பார்? பதிவேட்டைக் குறையுங்கள் என்று அரசை நான் கேட்டுக்கொள்கிறேன். தனியார் மையம் நடத்துகிறவர்களையும் கேட்கிறேன். சுவரில் கார்ட்டூன் வரையச் செலவழிக்கிறீர்கள், ஆயம்மாவுக்கு மட்டும் கிள்ளிக் கொடுக்கிறீர்கள். மூன்று மாசத்துக்கு ஒரு ஆயம்மா மாறினால், பிள்ளைகளின் தலையைத் தொட்டு எண்ணும் கை எப்படி உருவாகும்?

கடைசியாக, நம் மூன்று ஊருக்கும் ஒரு வேண்டுகோள். வருஷத்தில் இரண்டு நாளை ஒதுக்குவோம். ஒன்று ஜூலை 16, கும்பகோணத்துப் பிள்ளைகளின் நினைவாக. இன்னொன்று ஐப்பசி மழை தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை. அந்த இரண்டு நாளும் பெற்றோரும் கவுன்சிலரும் டீச்சரும் ஒரு கொத்தனார், ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு மையத்துக்கும் போவோம். யாரையும் குற்றம் சொல்லப் போக வேண்டாம். உடைந்ததை அன்றைக்கே சரிசெய்யப் போவோம். வெந்நீர் கொட்டினால் பற்பசையோ மையோ தடவாமல் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும் என்று ஆயம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். ஆம்புலன்ஸுக்கான 108-ஐயும் குழந்தைகள் உதவிக்கான 1098-ஐயும் பெரிய எழுத்தில் சுவரில் எழுதுவோம்.

அதற்கு முன், நாளைக்குக் காலை. பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பாதீர்கள். ஐந்து நிமிஷம் தாமதமானால் சூப்பர்வைசர் கத்தட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். உங்கள் பிள்ளையின் உயரத்துக்கு முழங்காலிட்டு அந்தக் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பிறகு பின்பக்கம் போய் அந்த மூடியைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடாமல் இருந்தால் டீச்சரைக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போங்கள். ஆடினால், வீட்டுக்குத் திரும்பிப் போய் உங்கள் அம்மிக்கல்லை எடுத்து வாருங்கள்.