பூனை முடியும் அம்மாவின் கட்டிலும்



வழமையாக இந்த நேரத்தில் நான் வந்தால் வரிப் படிவம், வீட்டுக் கடன், பிள்ளைகளின் கல்விச் சேமிப்பு என்று ஏதாவது கணக்கோடுதான் வருவேன். இன்று வீட்டில் நாய் பூனை வளர்ப்பவர்களின் படுக்கை விரிப்பைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். சிரிக்க வேண்டாம். ஒருமுறை வரிக் கணக்குச் செய்ய வந்த ஒருவர், தன்னில் தங்கி வாழ்பவர் என்று பூனையையும் படிவத்தில் காட்டலாமோ என்று கேட்டார். காட்ட முடியாது என்றேன். அவர் எழும்பிப் போகும்போது அவருடைய கறுப்புக் காற்சட்டையைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே முழுவதும் வெள்ளை முடி. எங்கள் வீட்டிலும் அப்போது அதே நிலைமைதான்.

ஊரில் நாய் முற்றத்தில் கிடக்கும். மழை பெய்தால் விறாந்தைக்கு வரும். பூனை அடுப்படியில் சாம்பல் சூட்டில் சுருண்டு படுக்கும். அவை படுக்கைக்கு வருகிற பேச்சே இல்லை. அதைவிட, நாங்கள் படுத்தது பாயில். விடிய எழும்பியதும் பாயை உதறிச் சுருட்டி மூலையில் சாத்தி வைப்போம். இடைக்கிடை வெயிலில் காயப் போடுவோம். இங்கே ரொறன்ரோவில் மெத்தையை வாங்கிக் கட்டிலில் போட்ட நாள் தொடக்கம், வீடு மாறும்வரை அதை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. பனிக்காலத்தில் ஐந்தாறு மாதம் யன்னலும் பூட்டு. பூனையும் நாங்களும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிச் சுவாசிக்கிறோம்.

எங்கள் வீட்டுக்குப் பூனை வந்தது மகளின் பிடிவாதத்தால். அதற்குப் பிறகுதான் அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்தா. அம்மாவுக்கு இளவயதிலேயே தொய்வு இருந்தது. இங்கு வந்த முதல் பனிக்காலத்திலேயே இரவில் முட்டு எடுக்கத் தொடங்கியது. பூனை அம்மாவின் காலடியில்தான் படுக்கும். மகளும் அப்பம்மாவோடுதான் படுப்பாள். குடும்ப வைத்தியர் பரிசோதித்துவிட்டுப் பூனையை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். அவர் சொன்னதில் பிழை இல்லை. மகள் அழுதாள். நான் கொடுக்கத்தான் நினைத்தேன். அம்மாதான் மறித்தா.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்களில் அம்மாவும் ஒருவர். நாவற்குழிப் பாலத்தால் நடந்தவர்களுக்கு அந்த இரவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டு நாயை அவிழ்த்துவிட்டு, இருந்த சோற்றை முற்றத்தில் கொட்டிவிட்டுத்தான் அம்மா படலையைச் சாத்தினா. அடுத்த வருடம் திரும்பிப் போனபோது நாய் இல்லை. அன்றைக்கு அம்மா எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, ஒரு சீவனை விட்டிட்டு வந்தது ஒருக்காப் போதும். இது என்ரை கட்டிலிலை ஏறாமல் பாத்தால் காணும்."

அதன் பிறகுதான் நான் இந்த விடயத்தை ஒழுங்காக வாசித்தேன். முதலில் அறிந்தது, முடி எங்கள் உண்மையான எதிரி அல்ல என்பது. பூனையின் உமிழ்நீரிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஒரு புரதம் இருக்கிறது. பூனை தன் உடம்பை நக்கும்போது அது முடியில் பூசுப்பட்டு, காய்ந்து, தோற்பொடியோடு உதிர்கிறது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு முட்டை எழுப்புவது அதுதான். நாய்க்கும் ஏறக்குறைய இதே கதைதான். முடி கொட்டாத நாய் என்று விலைகூட்டி விற்பதை நம்பி ஏமாற வேண்டாம். அந்தப் பொடி கண்ணுக்குத் தெரியாது, மணிக்கணக்காகக் காற்றில் மிதக்கும். விரிப்பில் கிடக்கும் முடியை ஒட்டுத்தாள் உருளையால் உருட்டி எடுத்தால் கட்டில் வடிவாக இருக்கும். நெஞ்சுக்கு அது போதாது, விரிப்பைத் தோய்க்க வேண்டும். இன்னொன்று: பூனையை வீட்டைவிட்டு அனுப்பினாலும் மெத்தையிலும் கம்பளத்திலும் அந்தப் பொடி மாதக்கணக்கில் இருக்கும். அனுப்பிய மறுகிழமையே முட்டு மாறவில்லை என்று குழம்பியவர்களை எனக்குத் தெரியும்.

கணக்காளன் புத்தி எனக்கு. வரவைக் குறைக்காமல் கழிவை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் ஐந்தொகை சமப்படாது. ஆகவே முதல் வேலை, அம்மாவின் அறைக் கதவைப் பகலிலும் இரவிலும் சாத்தி வைத்தது. இரண்டு கிழமை பூனை கதவடியில் இருந்து கத்தியது, பிறகு விட்டுவிட்டது. மகளுக்கும் ஒரு சட்டம் போட்டோம். பூனையைத் தூக்கிய சட்டையோடு அப்பம்மாவின் கட்டிலில் ஏறக்கூடாது. இந்தப் பொடி உடுப்பில் ஒட்டிக்கொண்டு பூனை போகாத இடத்துக்கும் போகும். இதுதான் எல்லாவற்றிலும் கடினமான சட்டம். பூனையைவிட மகளைப் பழக்கக் கனகாலம் எடுத்தது.

அடுத்தது சீவுவது. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் முடி கூடுதலாகக் கொட்டும். வீட்டுக்குள்ளேயே மின்விளக்கிலும் வெப்பத்திலும் இருக்கும் பிராணிகளுக்கு வருடம் முழுவதும் கொட்டும். தினமும் ஐந்து நிமிடம் சீப்பால் வாரினால், கட்டிலுக்கு வரவேண்டிய முடியில் பெரும்பங்கு சீப்போடு போய்விடும். வெளி விறாந்தையில் வைத்து வாருங்கள். ஒவ்வாமை இல்லாத ஆளே வாரவேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை.

இனித் தோய்ப்பது. எம்மவர் பலர் செய்யும் பிழை, முடி அப்பிய விரிப்பை நேரே மெசினுக்குள் போடுவது. ஈரமான முடி துணியோடு ஒட்டிக் கரைத் தையலுக்குள் போய் இருந்துவிடும். முதலில் விரிப்பை வெளியில் கொண்டுபோய் உதறுங்கள். பிறகு காய்ந்தபடியே டிரையரில் மெல்லிய சூட்டில் பத்து நிமிடம் சுழலவிடுங்கள். முடி கழன்று பஞ்சு வடிக்குள் வந்துவிடும். வடியைத் துப்புரவாக்கிவிட்டுத் தோயுங்கள். மெசினை நெருக்கி நிரப்பாதீர்கள். தண்ணீர் அலச இடம் வேண்டும். துணி தாங்குமென்றால் 60 பாகை செல்சியஸ் வெந்நீர் நல்லது, மெத்தையில் வாழும் தூசி உண்ணிகளும் சாகும். கடைசியில் டிரையரில் காயவைத்து மறுபடியும் வடியைத் துப்புரவாக்க வேண்டும். பஞ்சும் முடியும் அடைத்த டிரையர் தீப்பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மாடிக் கட்டடங்களில் பேஸ்மென்டில் உள்ள பொது மெசினில் தோய்ப்பவர்களுக்கு ஒரு சொல். உங்கள் துணியை எடுத்த பிறகு ஈரத் துவாயால் உருளையின் உட்புறத்தை ஒருமுறை துடைத்துவிடுங்கள். அடுத்து வருபவருடைய பிள்ளைக்கும் தொய்வு இருக்கலாம். இந்த முடி விடயத்தில் அயலவரோடு கதைபேச்சு இல்லாமல் போன குடும்பங்கள் எங்கள் கட்டடத்திலேயே இருந்தன.

துணியின் நெசவும் முக்கியம். மொத்தமான பிளானலும் பிளீஸ் போர்வையும் முடியை இழுத்து வைத்துக்கொள்ளும். பனிக்காலத்தில் காற்று காய்ந்துபோவதால் பொலியெஸ்ரர் துணியில் மின்னேற்றம் உண்டாகி முடியைப் பிடிக்கும். இருட்டில் போர்வையை இழுத்தால் பொறி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். இறுக்கமாக நெய்த வழுவழுப்பான பருத்தி விரிப்பில் முடி தங்காது, ஒரு உதறலில் போய்விடும். மின்னேற்றத்துக்கென்று டிரையரில் போடும் வாசனைத் தாள்களைப் பூனை உள்ள வீட்டில் தவிர்ப்பது நல்லது. அவற்றில் உள்ள இரசாயனம் பூனைக்கு நஞ்சு. கம்பளி உருண்டைகள் போதும். தேயிலை மர எண்ணெய் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் பூனைக்கு ஆகாது. மெத்தையில் ஒட்டியதற்கு, பாத்திரம் கழுவும் இறப்பர் கையுறையைச் சற்று நனைத்து ஒரே பக்கமாகத் தடவுங்கள். முடி திரண்டு வரும். மெத்தைக்கும் தலையணைக்கும் சிப் வைத்த இறுக்கமான உறை போடுங்கள். வக்கியூம் பிடிக்கும்போது தொய்வுக்காரர் அந்த அறையில் இருக்கக்கூடாது. வீட்டைச் சூடாக்கும் பேர்னஸின் வடியையும் மூன்று மாதத்துக்கு ஒருதடவையாவது மாற்றுங்கள். எங்கள் வீட்டில் அது மாற்றி எவ்வளவு காலம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அம்மாவின் முட்டு முற்றாக மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். மருந்துப் பம்ப் இன்றும் தலைமாட்டில் இருக்கிறது. இரவில் எழும்பிக் குந்தியிருப்பது நன்றாகக் குறைந்துவிட்டது. கடுமையான தொய்வு உள்ளவர்கள் வைத்தியர் சொல்வதையே கேட்கவேண்டும். பூனையை அனுப்பத்தான் வேண்டும் என்று அவர் சொன்னால் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுங்கள், தெருவில் விடாதீர்கள்.

பூனைக்குப் படுக்க ஓரிடம் வேண்டுமே. அம்மா தன்னுடைய பழைய பருத்திச் சேலை ஒன்றை நாலாக மடித்து, முன்னறை யன்னலடிக் கதிரையில் போட்டா. வெயில் விழும் இடம். இப்போது பூனை அதில்தான் கிடக்கிறது. சனிக்கிழமைகளில் மகள் அந்தச் சேலையை வெளியில் உதறி டிரையரில் போடுவாள். அந்த நேரம் பூனைக்கென்று மாற்றுச் சேலை ஒன்றும் அம்மா எடுத்து வைத்திருக்கிறா.