சாரையை அடிக்காதீர்கள்



லயத்துப் பக்கம் சாரை வந்தால் உடனே தடியைத் தேடுகிறோம். சாரைக்கு விஷமில்லை. சீண்டினால் கடிக்கும், ஆளைக் கொல்லாது. அது எலியைத் தேடித்தான் வருகிறது. நம் அரிசியையும் மாவையும் தின்பது எலி. எலிக்காய்ச்சலைப் பரப்புவதும் எலி. சாரையை அடித்தால் எலிக்குத்தான் கொண்டாட்டம். கொம்பேறி மூக்கன் ஆளைக் கடித்துவிட்டு, மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்பதும் வெறுங்கதை. அதன் கடியால் யாரும் சாவதில்லை.

ஆனால் தேயிலைச் செடியில் பச்சை விரியன் இருக்கும். தாழ்வான தோட்டங்களில் நாகமும் வரும். ஆகவே இனம் தெரியாத பாம்பை அடிக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, கதவைத் திறந்துவிடுவோம். அது தன் வழியே போகும். கடித்துவிட்டால் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, மந்திரிக்கப் போய் நேரத்தை இழக்கக் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

விறகைச் சுவரோரம் குவிக்காமலும், மிச்சச் சோற்றை வாசலில் கொட்டாமலும் இருப்பது நம் பொறுப்பு. அடைத்த கானைத் துப்புரவாக்குவதும், குப்பைக்கு இடம் ஒதுக்குவதும், கக்கூஸுக்குப் போகும் வழியில் விளக்குப் போடுவதும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. இதை லயம் லயமாகக் கையொப்பம் வாங்கி, தோட்டத் தலைவர்மார் மூலம் எழுத்தில் கேட்போம்.