நீலத் திரை



நான் ஆரணிக்காரன். பட்டு ஆரணி இல்லீங்க. பொன்னேரி தாலுகா, ஆற்றங்கரை ஆரணி. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு பார்த்தேன். 1998-ல், சம்பளத்துக்கு முதல் நாள், கணினித் திரை நீலமாயிற்று. வெள்ளையெழுத்தில் ஏதோ எண். அதைக் குறித்துக்கொள்ளாமல் பட்டென்று அணைத்தேன். திரும்பப் போட்டால் மறுபடி நீலம். நகலும் எடுத்து வைக்கவில்லை. "என்ன சார், சம்பளம் உண்டா?" என்று வாசலில் தொழிலாளிகள். விடிய விடிய வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கையால் எழுதினேன். ஒருவருக்கு ஓவர்டைம் விட்டுப்போச்சு. அதை அவர் சொல்லிக்காட்டாத நாளில்லை!

பிறகுதான் விவரம் புரிந்தது. இயங்குதளத்தின் மையத்தில் பிழை நேர்ந்தால், மேற்கொண்டு ஓடித் தகவலைக் கெடுக்காமல் கணினி தானே நின்றுவிடுகிறது. அந்த எண்ணைப் பிடித்துத்தான் கோளாறைத் தேட வேண்டும்.

2024 ஜூலை 19 நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு கோப்பு, 20 உள்ளீடுகளே இருந்த இடத்தில் 21-ஆவதைத் தேடவைத்தது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றும், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு அந்தப் பதிவேடுதான் ஞாபகம் வந்தது.

2025-ல் விண்டோஸ் 11-ல் நீலம் போய்க் கறுப்பு வந்துவிட்டது. எண் அப்படியே இருக்கிறது, தம்பிமார்களே. அணைப்பதற்கு முன்னால் எழுதிக்கொள்ளுங்கள்.