பொருட்காட்சிசாலையும் புரவலரும்

சென்னை நகரத்து மக்கள் முன்னாளில் விலங்குக் காட்சிசாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும், எழும்பூரிலுள்ள பொருட்காட்சிசாலையைச் ‘செத்த காலேஜ்’ என்றும் வழங்கினார்கள். எளிய மக்களின் வாய்ச்சொல்லில் நகைச்சுவையும் உண்டு, உண்மையும் உண்டு. ஆயினும் அந்தப் பெயரில் ஒரு பிழையும் உண்டு. விலங்குகளுக்கு நாள்தோறும் தீனி வேண்டும் என்பதை எல்லாரும் அறிவர். கல்லுக்கும் செம்புக்கும் ஓலைக்கும் தீனி வேண்டும் என்பதைச் சிலரே அறிவர். ஓலையைப் பூச்சி அரிக்கும். செம்பில் களிம்பு ஏறும். துணியின் சாயத்தை வெயில் தின்னும். கூரை ஒழுகினால் படமும் பத்திரமும் ஒரே மழையில் பாழாகும். ஆதலின் பொருட்காட்சிசாலை என்பதும் பசியுடைய ஓர் உயிரே. அதன் பசியைத் தீர்ப்பவர் யார், அவரைத் தேடிச் சென்று கேட்பவர் யார், கேட்கும் முறை யாது என்பனவே இன்று நாம் எண்ணிப் பார்க்கும் பொருள்.

பெரிய தேசியக் காட்சிசாலைகளுக்கு அரசின் கருவூலம் துணை நிற்கிறது. ஓர் ஊரின் வரலாற்றைக் காக்கும் சிறிய காட்சிசாலைக்கோ அவ்வூர் மக்களே துணை. அங்கு நிதி திரட்டும் பணிக்குத் தலைமை தாங்குகிறவர் ஏட்டுச்சுவடிகளை ஆராய்கிறவரைவிடக் குறைந்தவர் அல்லர். அவர் தோற்றால் ஆராய்வதற்குச் சுவடியே எஞ்சாது. அப்பணியின் இயல்பை விளக்க, மெய்யாக நடந்த ஒரு வரலாற்றைச் சொல்வது நலம்.

மும்பை நகரின் பைக்குல்லாப் பகுதியில், விலங்குக் காட்சிசாலையும் பூங்காவும் அமைந்த வளாகத்தில், டாக்டர் பாவு தாஜி லாட் பொருட்காட்சிசாலை இருக்கிறது. அந்நகரத்தின் வரலாற்றையும் தொழில்களையும் காட்டுவது அது. பழைய படங்கள், நகரின் வரைபடங்கள், பலவகை மக்களின் ஆடை அணிகளைக் காட்டும் களிமண் உருவங்கள் ஆகியவை உள்ளே உள்ளன. எலிபண்டாத் தீவுக்கு அப்பெயர் வரக் காரணமான கல்யானை வெளியே நிற்கிறது.

1855ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்காகப் பம்பாயிலும் பொருள்கள் திரட்டப்பட்டன. அத்தொடர்பில் நகரிலேயே ஒரு காட்சிசாலை தோன்றிற்று. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அது இருந்த இடம் படைவீரர்களுக்குத் தேவைப்பட்டது. பொருள்கள் அவசரமாக அப்புறப்படுத்தப்பட்டுச் சேதமுற்றன. சொந்தக் கட்டடம் இல்லாத காட்சிசாலையின் நிலை இதுதான். பிறருக்கு இடம் தேவைப்படும் நாளில் அது தெருவுக்கு வந்துவிடும்.

1858ஆம் ஆண்டில் நகரப் பெருமக்கள் கூட்டம் கூட்டி, புதிய காட்சிசாலை ஒன்றை எழுப்புவதென்று உறுதி செய்தார்கள். வணிகப் பெருந்தகையும் கல்வித் தொண்டருமான ஜகந்நாத் சங்கர்சேட், மருத்துவரும் கல்வெட்டு அறிஞருமான பாவு தாஜி, மருத்துவரான ஜார்ஜ் பேர்ட்வுட் ஆகியோர் முன்னின்றனர். இந்துக்களும் பார்சிகளும் யூதர்களும் ஆங்கிலேயரும் ஒரே நன்கொடைப் பட்டியலில் பெயர் எழுதினர். யூத வணிகரான டேவிட் சசூன் வழங்கிய ஆல்பர்ட் இளவரசரின் சிலை இன்றும் அங்கே காணப்படுகிறது. 1862ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஆளுநர் பார்ட்டில் பிரியர் அடிக்கல் நாட்டினார்.

அந்நாளில் பம்பாயில் பணம் வெள்ளம்போல் புரண்டது. 1861ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டமையால் அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்தின் ஆலைகளுக்குச் செல்லவில்லை. இந்தியப் பருத்திக்குப் பொன்விலை கிடைத்தது. கையில் மிகுந்த பணம் புதுப்புதுக் கம்பெனிகளின் பங்குகளில் பாய்ந்தது. இத்தகைய நாளில் நன்கொடைப் பட்டியலில் பெரிய தொகையை எழுதுவது எவருக்கும் எளிது. 1865ஆம் ஆண்டில் போர் முடிந்தது. பருத்தியின் விலை சரிந்தது, பங்குகள் வெறுந்தாளாயின, வங்கிகள் மூடப்பட்டன. பாவு தாஜியும் தம் பொருளை இழந்தார். நன்கொடை வரத்து நின்றது; கட்டட வேலையும் தடைப்பட்டது. பின்னர் அரசு கைகொடுத்த பிறகே பணி நிறைவேறி, 1872ஆம் ஆண்டு மே திங்கள் 2ஆம் நாள் காட்சிசாலை திறக்கப்பட்டது. அடிக்கல்லுக்கும் திறப்பு விழாவுக்கும் இடையே ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் சென்றுவிட்டன.

அதற்குள் சசூன் 1864ஆம் ஆண்டிலும், சங்கர்சேட் 1865ஆம் ஆண்டிலும் மறைந்தனர். பேர்ட்வுட் தம் நாடு திரும்பிவிட்டார். விதை ஊன்றியவர்களில் பலர் மரத்தின் நிழலில் அமரவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நிதி திரட்டுவோர் கற்க வேண்டிய முதற்பாடம், வாக்களித்த பணம் வேறு, வந்து சேர்ந்த பணம் வேறு என்பதாகும். அதே பம்பாயில் பிரேம்சந்த் ராய்சந்த் என்னும் பெருவணிகர், பருத்தி வாணிகம் உச்சத்தில் இருந்த 1864ஆம் ஆண்டில், பல்கலைக்கழகத்து நூலகத்திற்கு 2 இலட்சம் ரூபாயும், தம் தாயாரின் பெயரால் அமையும் மணிக்கூண்டிற்கு 2 இலட்சம் ரூபாயும் அளித்தார். மறு ஆண்டின் வீழ்ச்சியில் அவர் செல்வமும் சரிந்தது. ஆயினும் அளித்த கொடை அளித்ததாகவே இருந்தது. 1878ஆம் ஆண்டில் ராஜாபாய்க் கோபுரம் நிறைவுற்றது. கொடுத்தவரின் செல்வம் போன பின்னும் கொடை நின்றது. அது காலத்தில் கைமாறியதே அதற்குக் காரணம். ஆதலின் பட்டியலில் எழுதிய தொகையைக் கண்டு மகிழ்ந்து சுவர் எழுப்பத் தொடங்குவது அறிவுடைமை ஆகாது. எழுதியவரிடம் பணிவோடு சென்று, தவணை குறித்து, பெற்று, அன்றே ரசீது அளித்து, கணக்கில் ஏற்ற வேண்டும். இதைக் கேட்பதில் நாணம் வேண்டியதில்லை. தமக்கென்று கேட்பவனுக்கே நாணம் உரியது. ஊருக்கென்று கேட்பவனுக்கு அஃது இல்லை.

பலரிடம் பெறுவதில் இத்தகைய இடர் உண்டென்றால், பெருஞ்செல்வர் ஒருவரையே சார்ந்திருக்கலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை வங்காளத்தில் இருக்கிறது. வடவங்கத்திற்கு வரேந்திரம் என்பது பழம்பெயர். இன்று வங்கதேசத்தில் உள்ள ராஜ்சாஹி நகரில், 1910ஆம் ஆண்டில் வரேந்திர ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. திகாபதியா ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த சரத் குமார் ராய், வழக்கறிஞரும் வரலாற்று அறிஞருமான அட்சய குமார் மைத்ரேயர், ஆசிரியரான ரமாபிரசாத் சந்தா ஆகிய மூவரும் ஊர் ஊராகச் சென்று சிற்பங்களைத் திரட்டினர். ராயின் கொடையால் அழகிய கட்டடம் எழுந்தது. 1916ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1919ஆம் ஆண்டில் திறப்பு விழாவும் நடந்தது. பம்பாயில் பத்து ஆண்டு எடுத்தது, இங்கே மூன்றே ஆண்டில் முடிந்தது. ஆனால் 1947ஆம் ஆண்டில் நாடு பிரிந்தது. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிழக்கு வங்கத்தில் ஜமீன் முறையும் முடிந்தது. எந்த வருவாயை நம்பிக் காட்சிசாலை பிறந்ததோ அந்த ஊற்றே வற்றிற்று. 1964ஆம் ஆண்டில் ராஜ்சாஹிப் பல்கலைக்கழகம் அதனை ஏற்றுக்கொண்டதால் அது பிழைத்தது. ஒரு தூண் எவ்வளவு பருமனாக இருந்தாலும், அதன்மேல் மட்டும் நிற்கும் கூரைக்கு அத்தூணே ஆபத்து. பெரிய கொடை கட்டடத்தை எழுப்பும். சிறு கொடைகள் பலவே அதைத் தாங்கும். ஆண்டுதோறும் 100 ரூபாய் தரும் ஆயிரம் குடும்பங்கள் ஒரு காட்சிசாலைக்குப் பணத்தை மட்டும் தருவதில்லை. அதற்கு ஓர் இடர் வந்தால் குரல் எழுப்ப ஆயிரம் வீடுகளையும் தருகின்றன.

கட்டடம் எழுப்ப முன்வருவோர் உண்டு. அதில் பெயர் பொறித்த கல் பதியும். பூச்சிமருந்துக்கும், காவலர் சம்பளத்துக்கும், ஒழுகும் ஓட்டை மாற்றுவதற்கும் தருவோர் அரியர். இந்த அன்றாடச் செலவுக்கு வழி செய்வதே நிதிப் பொறுப்பாளரின் திறமைக்கு உரைகல். இதற்கு நம் முன்னோர் ஒரு நெறி வகுத்திருந்தனர். கோயிலில் நந்தா விளக்கு எரிய வேண்டுமென்று விரும்பியவர், ஒரு நாளைய நெய்யைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள் என்று விதித்து, அவற்றை இடையர்களிடம் ஒப்படைத்த செய்தி உள்ளது. அவர்கள் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் முதிர்ந்து இறந்தாலும் குட்டிகள் அவற்றின் இடத்தை நிரப்பும், எண்ணிக்கை குறையலாகாது. இவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. முதல் அழியாமல் வருவாய் மட்டும் செலவாகும் நிதிக்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ? பொருட்காட்சிசாலையும் பெற்ற கொடையில் ஒரு பங்கைத் தொடாத முதலாக வைத்து, அதன் வட்டியால் அன்றாடச் செலவைச் செய்யுமாயின், அதன் விளக்கும் அணையாது.

இனி, கொடுத்தவருக்கும் காட்சிசாலைக்கும் உள்ள உறவைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். பணம் பெறும் நாளில் மாலை சூட்டி, மறு நாள் முகத்தை மறந்துவிடுவது நம்மிடையே உள்ள பெருங்குறை. தந்த பணம் என்னவாயிற்று என்று கொடையாளர் கேட்பதற்கு முன்பே அவரிடம் சொல்ல வேண்டும். ‘தாங்கள் அளித்த தொகையால் இந்த ஆண்டு இத்தனை சுவடிகள் செப்பம் செய்யப்பட்டன, வந்து பாருங்கள்’ என்று எழுதும் நான்கு வரிக் கடிதம், பட்டுச் சால்வையினும் மதிப்புடையது. குறித்த பணிக்கென்று பெற்ற பணத்தை வேறு பணிக்குத் திருப்புவது, அது எவ்வளவு நல்ல பணியாயினும், நம்பிக்கைக்கு இழைக்கும் தீங்கு. திருப்ப நேர்ந்தால் முதலில் இசைவு பெற வேண்டும்.

பணத்தைக் காட்டிலும் நுட்பமானது பொருட்கொடை. ஒரு குடும்பம் தம் பாட்டனாரின் கடிதங்களையும் வாளையும் கொண்டுவந்து தருகிறது. தரும்போதே, ‘அவர் புகழைமட்டும் எழுதுங்கள், அவர் குடிகளிடம் வரி தண்டிய கொடுமையை எழுத வேண்டா’ என்று கேட்கிறது. பெருந்தொகை தருகிற வணிகர் ஒருவர், தம் குலத்தாரே இவ்வூரை அமைத்தவர் என்று சுவரில் எழுதச் சொல்கிறார். இங்கேதான் நிதிப் பொறுப்பாளரின் உள்ளம் சோதிக்கப்படுகிறது. கூரை ஒழுகுகிறது, பணம் எதிரே இருக்கிறது, வேண்டுவதோ ஒரு வாக்கியம். ஆயினும் அவர் மறுக்கத்தான் வேண்டும். கொடைக்கு நன்றி கூறுவது வேறு. வரலாறு எழுதும் கோலைக் கொடையாளர் கையில் தருவது வேறு. ஒரு வாக்கியத்தை விற்ற காட்சிசாலையில் மற்ற வாக்கியங்களை எவர் நம்புவர்? நம்பிக்கை போனபின் கொடுப்பதற்கும் எவரும் வாரார். ஆதலின் இவ்வகை மறுப்பு அறமும் ஆகும். நெடுநோக்கில் சிக்கனமும் ஆகும். கடுமையின்றி, முன்கூட்டியே எழுதி வைத்த விதிகளைக் காட்டி மறுப்பது இருவருக்கும் எளிது.

எழுத்து மூலமான உடன்பாட்டின் பயனையும் மும்பையே காட்டுகிறது. பாவு தாஜி லாட் காட்சிசாலை, நகராட்சியின் பொறுப்பில் இருந்த காலத்தில் நாளடைவில் சீர்குலைந்தது. 2003ஆம் ஆண்டில் மும்பை மாநகராட்சி, இண்டாக் என்னும் மரபுக் காப்பு நிறுவனம், ஜம்னாலால் பஜாஜ் அறநிலையம் ஆகிய மூன்றும் உடன்படிக்கை செய்துகொண்டன. இடம் ஒருவரது, தொழில் அறிவு ஒருவரது, கொடை ஒருவரது. இவ்வாறு பொறுப்புகள் பிரிக்கப்பட்டமையால் பணி நடந்தேறி, 2008ஆம் ஆண்டில் காட்சிசாலை புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டது. இதற்கிடையே 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மரபுக் காப்புப் பரிசும் அதற்குக் கிடைத்தது.

அந்தக் காட்சிசாலையின் பெயரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. தொடக்கத்தில் அது விக்டோரியா அரசியாரும் ஆல்பர்ட் இளவரசரும் தாங்கிய பெயரைப் பெற்றிருந்தது. 1975ஆம் ஆண்டில்தான் பாவு தாஜியின் பெயர் சூட்டப்பட்டது. தம் செல்வத்தை இழந்தும் தாம் தொடங்கிய பணி நிறைவேறக் கண்டு, 1874ஆம் ஆண்டில் மறைந்தவர் அவர். அரசியின் பெயர் அதிகாரத்தால் வந்தது. அவர் பெயர் உழைப்பால் வந்தது. நூறு ஆண்டு கழித்தேனும் ஊர் அந்த வேறுபாட்டை உணர்ந்தது.

மாணவர்களாகிய உங்களிடம் இலட்சங்கள் இல்லை. ஆனால் உங்கள் ஊரில் ஒரு சிறு காட்சிசாலை இருக்குமாயின், அதன் கொடைப் பதிவேட்டைத் தெளிவாக எழுதித் தர உங்களால் இயலும். நன்றிக் கடிதங்களை நல்ல தமிழில் எழுத இயலும். பாட்டியின் பெட்டியில் உறங்கும் பழைய பத்திரத்தை விறகுக்கும் எடைக்கும் போகாமல் காத்து, உரிய இடத்தில் சேர்க்க இயலும். இவையும் கொடையே. இவற்றைச் செய்யும் கையே பிற்காலத்தில் பெருந்தொகையைக் கேட்கவும் தகுதி பெறும். கேட்ட தொகைக்குக் கணக்குக் காட்டவும் அறியும்.