வீட்டில் பொரிக்கும் கோழி



ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், வத்திராயிருப்புச் சாலை பிரியும் இடத்தில் அமைந்த ஊர் கிருஷ்ணன்கோவில். அங்கு நின்று மேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். அம்மலைக் காடுகள் 1988ஆம் ஆண்டில் அணில் சரணாலயமாகவும், 2021ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. அக்காடுகளில் வாழும் பறவைகளுள் ஒன்று சாம்பல் காட்டுக்கோழி. நம் வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதை செந்நிறக் காட்டுக்கோழியே எனினும், பல வீட்டுக் கோழிகளின் தோலுக்கு மஞ்சள் நிறம் தந்த மரபணு, தென்னாட்டுக்குரிய இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. காட்டுக்கோழியை வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். அதைக் காட்டிலே விட்டுவிட்டு, நாம் வீட்டுக் கோழியைப் பற்றிப் பேசுவோம்.

முன்னாளில் நம் சிற்றூர்களில் கோழி அடிப்பது என்றால் அது ஒரு விசேடம். மருமகன் வரவேண்டும், அல்லது குலதெய்வத்துக்குப் படையல் இருக்கவேண்டும். இன்றோ பல்லடம் வட்டாரப் பண்ணைகளிலிருந்து கறிக்கோழி நாள்தோறும் எல்லா ஊர்களுக்கும் வந்து சேருகிறது. மாலையில் விளக்கு வைத்ததும் சாலையோரங்களில் எண்ணெய்ச் சட்டிகள் கொதிக்கத் தொடங்குகின்றன. சென்னை புகாரி உணவகம் 1965ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியதாகச் சொல்லப்படும் ‘சிக்கன் 65’, இன்று தமிழகமெங்கும் பரவியுள்ளது. அப்பெயரின் காரணம் பற்றி ஆளுக்கொரு கதை உண்டு. ஆனால், அச்சட்டியிலுள்ள எண்ணெய் எத்தனையாவது முறை காய்கிறது, கறியின் சிவப்பு எதனால் வந்தது என்னும் இரண்டையும் கேட்பவர் சிலரே.

இவை வீண் ஐயங்கள் அல்ல. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அது சிதைந்து, உடலுக்கு ஒவ்வாத பொருள்கள் அதில் சேருகின்றன. அவற்றின் அளவு நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்னும் விதி 2018 ஜூலை முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. கோழி, மீன் வறுவல்களில் செயற்கை நிறம் சேர்ப்பதைக் கருநாடக அரசு 2024இல் தடை செய்தது. ஆகவே, குழந்தைகள் விரும்பிக் கேட்கும் இப்பண்டத்தை வீட்டிலேயே ஆக்கக் கற்றுக்கொள்வது, பணத்துக்கும் உடலுக்கும் ஒருங்கே செய்யும் சேமிப்பாகும்.

முதலில் கோழியை அறிதல் வேண்டும். சிறுவிடை, பெருவிடை எனப்படும் நாட்டுக்கோழிகள் ஓடியாடித் திரிந்து வளர்பவை, தசை இறுகியது. அதைப் பச்சையாக எண்ணெயில் இட்டால் மேலே கருகும்; உள்ளே மெல்ல வராது. எனவே உப்பும் மஞ்சளும் இட்ட சிறிது நீரில் முதலில் வேகவைத்து, பிறகே பொரித்தல் வேண்டும். வெந்த நீரைக் கொட்டிவிடாமல் மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுச் சாறு வைக்கலாம். கறிக்கோழியோ சுமார் ஆறு வாரத்தில் வளர்ந்த இளங்கறி. அதை நேராகவே பொரிக்கலாம்.

ஒரு கிலோ கறிக்கோழிக்கு அளவு சொல்கிறேன். துண்டுகள் சிறியனவாகவும் ஏறக்குறைய ஒரே பருமனாகவும் இருக்கட்டும். கழுவுவதானால் அகன்ற பாத்திரத்தில் நீர் தெறிக்காமல் கழுவுங்கள். பச்சைக் கறியின் கிருமிகள் நீர்த்துளிகளோடு பக்கத்திலுள்ள காய்கறிகளுக்குத் தாவும். பின்னர் ஈரம் போக ஒற்றியெடுத்து, இரண்டு தேக்கரண்டி உப்பு, அரைக் கிண்ணம் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள், அரைத்த வற்றல் ஆகியவற்றைப் பிசறி மூன்று மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். நிறத்துக்கு நல்ல வற்றலே போதும், சாயம் வேண்டியதில்லை. உப்பு உள்ளே ஊறினால் தசை தன் நீரை எளிதில் இழக்காது. தயிரின் புளிப்பு அதை மென்மையாக்கும்.

பொரிக்கும் முன்னர் ஒரு முட்டையும், நான்கு மேசைக்கரண்டி அரிசிமாவும் சேர்த்துப் பிசறுக. அரிசிமாவில் கோதுமையின் பசைத்தன்மை இல்லாமையால் மேலோடு மொறுமொறுப்பாக வரும்.

இனி எண்ணெய். கனத்த இருப்புச் சட்டியில் பாதிக்குமேல் எண்ணெய் ஊற்றலாகாது. கடலை எண்ணெய் நன்று. சூடு 170 பாகை செல்சியசு அளவில் இருக்கவேண்டும். அதை அளக்கக் கருவி இல்லையெனில் ஒரு துளி மாவை விடுங்கள். அது சற்றே தாழ்ந்து, உடனே நுரைத்து எழுந்தால் பதம். புகை எழுந்தால் சூடு மிஞ்சிவிட்டது. ஒரே நேரத்தில் நிறையத் துண்டுகளைப் போட்டால் எண்ணெய் குளிர்ந்துவிடும். கறியிலிருந்து ஆவி விரைந்து வெளியேறும் வரைதான் எண்ணெய் உள்ளே புகாமல் நிற்கும். ஆவி தளர்ந்தால் எண்ணெய் புகும்; கறி சொதசொதத்துப் போகும்.

மிதமான சூட்டில் எட்டு முதல் பத்து நிமிடம் வேகவிட்டு, ஜல்லிக்கரண்டியால் எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு, சூட்டைக் கூட்டி மறுபடி ஒரு நிமிடம் பொரித்தால் மேலோடு நன்கு முறுகும். எலும்பை ஒட்டிக் குத்திப் பார்த்தால் சாறு தெளிந்து வரவேண்டும். சிவந்து வந்தால் இன்னும் வேகவேண்டும். வெப்பமானி வைத்திருப்போர் உள்ளே 74 பாகை உண்டா எனப் பார்ப்பது மிகச் சிறந்தது. பொரித்ததைத் தட்டில் குவிக்காமல் கம்பி வலைத்தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை என்று பழமொழி சொல்லுமே, அது இங்கே பொருந்தும். உரித்த சின்ன வெங்காயமும் எலுமிச்சைத் துண்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். சட்டியிலுள்ள எண்ணெய் தீப்பற்றிக்கொண்டால் பதற்றத்தில் தண்ணீரை ஊற்றலாகாது; நீர் கொதித்தெழுந்து எரியும் எண்ணெயை வீடெங்கும் சிதறடிக்கும். அடுப்பை அணைத்து, பொருந்தும் மூடியால் சட்டியை மூடி, ஆறும்வரை திறவாதிருங்கள். பொரிக்கும்போது அடுப்பை விட்டு அகலாமலும், சிறுவரை அருகே விடாமலும் இருந்தால் இந்த ஆபத்தே நேராது.

எஞ்சிய எண்ணெயை ஆறவைத்து வடிகட்டி, அதிக நாள் வைத்திராமல் ஓரிரு முறை தாளிப்புக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். கருத்துத் தடித்தாலும், காரல் வாடை வீசினாலும் தயங்காது ஒதுக்கிவிடுங்கள். சில ரூபாய் எண்ணெயைக் காப்பதற்காக வீட்டாரின் உடலைச் செலவிடுவது சிக்கனம் ஆகாது. நாள்தோறும் உண்ணாமல், முன்னோர் செய்ததுபோல் விசேட நாளுக்கு வைத்துக்கொண்டால் சுவையும் கூடும், செலவும் குறையும்.