பேச்சு வேறானால் மதிப்புக் குறையுமா?



இங்கிலாந்துக்காரனும் அமெரிக்காக்காரனும் பேசுவது ஒரே இங்கிலீஷ்தான். ஆனால் மோட்டாருக்கு ஊற்றும் எண்ணெயை முன்னவன் பெட்ரோல் என்கிறான். பின்னவன் காஸ் என்கிறான். பேண்ட் என்றால் அமெரிக்காவில் நாம் சொல்லுகிற அதே கால்சட்டை. லண்டனிலோ அது உள்ளே உடுத்துகிற துணி! 1776-ல் சுதந்திரப் பிரகடனம் செய்த அமெரிக்கர்களுக்கு நோவா வெப்ஸ்டர் என்பவர் 1828-ல் தனி அகராதியே போட்டு, கலர் முதலிய சொற்களில் ஓர் எழுத்தையும் குறைத்துவிட்டார். இதற்காக அமெரிக்கன் வெட்கப்பட்டானா? இல்லை. அவனிடம் பணமும் பலமும் சேர்ந்தன. யார் சிரித்தாலும் அவனுக்கென்ன?

நம் நாட்டுக்கு வருவோம். இந்தச் செட்டிநாட்டில் நகரத்தார் வீட்டில் அப்பச்சி என்றால் தகப்பனார். கொங்கு நாட்டில் அப்புச்சி என்றால் தாயைப் பெற்ற பாட்டனார். இங்கே அய்யா என்றால் பாட்டன், யாழ்ப்பாணத்தில் தகப்பன். இங்கே ஆச்சி என்றால் அக்காள். திருநெல்வேலிப் பக்கம் பல வீடுகளில் பாட்டி. தாயைப் பெற்ற பாட்டியை இங்கே ஆயா என்கிறோம். சென்னையில் அப்படிச் சொன்னால் பிள்ளை தூக்கும் வேலைக்காரி என்று நினைப்பார்கள். இதில் எது உயர்வு? எது தாழ்வு?

சொல் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. மனிதன் போன இடமும் செய்த தொழிலும் கொடுத்ததே. விருந்தில் இனிப்பாய் வைக்கிற கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது. பெயரும் அந்நாட்டுப் பெயரின் திரிபே. 1942-ல் ஜப்பான் படை பர்மாவில் புகுந்தபோது, கொடுத்த கடனையும் வாங்கிய நிலத்தையும் விட்டு ஓடிவந்தார்கள். சொத்து போயிற்று, சொல் நிற்கிறது.

ஆனால் தோழர்களே! பணக்காரன் வீட்டுச் சொல்லுக்குச் செட்டிநாட்டு வழக்கு என்று மரியாதை. கூலிக்காரன் வீட்டுச் சொல்லுக்கு மட்டும் கொச்சை என்று பட்டம்! தண்ணி என்றால் மட்டம், ஜலம் என்றால் உசத்தி என்று வைத்தார்களே, ஜலம் என்று சொல்லிக் குடித்தவனுக்குத் தாகம் அதிகமாய்த் தணிந்ததா? வாயைத் திறந்தவுடனே ஜாதியை மோப்பம் பிடிக்கிற புத்தி இருக்கிறதே, அதுதான் கொச்சை.

கிராமத்துப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தன் வீட்டுப் பேச்சைப் பேசினால் வகுப்பே சிரிக்கிறது. மறுநாள் சந்தேகம் வந்தாலும் அவன் எழுந்து கேட்பதில்லை. வாய் மூடிய பிள்ளைக்கு அறிவு எந்த வழியாய் ஏறும்? எழுதுவதற்குப் பொதுத் தமிழைக் கற்றுக் கொடுங்கள். அது எல்லோருக்கும் வேண்டியதே. அதற்காக அவன் தாயின் பேச்சை அவமானமாக்காதீர்கள். ஒரு சொல் விளங்காவிட்டால், அதற்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள். நீ என்ன ஜாதி என்று கேட்காதீர்கள்.