யார் சொல்வதைக் கேட்பது?

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கல்வி மாலையில், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பாட்டும் நாடகமும் காத்திருக்கும்போது இவர் ஏன் கணக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று பின்வரிசையில் தம்பிமார் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. அவர்களில் பலர் கணக்கு வகுப்பிலும் பின்வரிசையில் இருந்தவர்கள்தாம். கணக்கில் ஒரு பின்வரிசை எப்படி உண்டாகிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அதை உண்டாக்கியதில் தலைமை ஆசிரியனாகிய எனக்கும் பங்கு உண்டு. ஆகவே, இது அறிவுரையன்று. பாதி ஒப்புதல் வாக்குமூலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பணியாற்றிய ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர் நல்ல உழைப்பாளியான ஓர் ஆசிரியை. மாதந்தோறும் நோட்டுகளை வாங்கிப் பார்ப்பேன். எல்லாக் கணக்கும் சிவப்பு மையால் திருத்தப்பட்டிருக்கும். பாடக் குறிப்பேடும் ஒழுங்காக இருக்கும். மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போடுவேன்.

ஒரு நாள் வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் வந்தார். அவர் நோட்டை வாங்கவில்லை. ஒரு பையன் பக்கத்தில் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். அரையும் மூன்றில் ஒன்றும் எவ்வளவு என்று கேட்டார். பையன் மேலெண்களைக் கூட்டி, கீழெண்களைக் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினான்.

"தம்பி, அரைப் படி அரிசி இருக்கு. அதோட இன்னும் கொஞ்சம் கொட்டினா, அரைப் படியை விடக் கூடுமா, குறையுமா?"

"கூடும் சார்."

"நீ எழுதின அஞ்சில் ரெண்டு, அரையை விடக் கூடவா, குறைவா?"

பையன் வெகுநேரம் யோசித்தான். பிறகு "குறைவு சார்" என்று சொல்லித் தானே சிரித்துவிட்டான். தவறு எங்கே என்பதை முதன்முறையாக அவனே கண்டான்.

பயிற்றுநர் ஆசிரியையிடம் ஒன்றே ஒன்றைச் சொன்னார்: "விதியை எழுதிப் போடுவதற்கு முன்னால் நான்கு நாள் காகிதத்தை மடித்தும் படியால் அளந்தும் பார்க்கட்டும். கீழெண்ணை ஏன் சமமாக்குகிறோம் என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும்." ஆசிரியையும் ஆர்வத்தோடு தொடங்கினார். மூன்றாம் நாள் அவ்வழியே போன நான் வாசலில் நின்று, "டீச்சர், அரையாண்டுக்கு மூணு வாரம்தான் இருக்கு. காகிதம் மடிச்சிட்டு இருந்தா போர்ஷன் எப்ப முடியும்?" என்று கேட்டேன். மறுநாள் விதி கரும்பலகைக்கு ஏறிவிட்டது. எல்லா நோட்டிலும் ஆறில் ஐந்து என்ற சரியான விடை இருந்தது. ஏனெனில் எல்லாரும் கரும்பலகையைப் பார்த்து எழுதியிருந்தார்கள்.

அரையாண்டுத் தேர்வில் அரையும் காலும் எவ்வளவு என்று கேள்வி வந்தது. அரையும் காலும் முக்கால் என்று கடைக்குப் போகிற பிள்ளைக்குத் தெரியும். அதே பிள்ளைகளில் பலர் விடைத்தாளில் ஆறில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள்.

அன்று அந்த ஆசிரியை என் அறைக்கு வந்து சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "சார், அவர் சொல்றதைக் கேட்டா உங்ககிட்ட ஏச்சு. நீங்க சொல்றதைக் கேட்டா பிள்ளைங்களுக்குக் கணக்கு வரல. நான் யார் சொல்றதைக் கேட்கட்டும்?"

அன்பர்களே, இந்தக் கேள்விதான் இன்றைய என் உரை முழுவதும். பயிற்றுநர் மாதத்தில் ஒரு நாள் வருகிறார். தலைமை ஆசிரியர் தினமும் இருக்கிறார். கையெழுத்தும் அவர் கையில் இருக்கிறது. இருவரும் வேறு வேறு கேட்டால் கையெழுத்துப் போடுகிறவர் சொல்தான் நிற்கும். பயிற்சிக்குச் செலவான பணமும் நேரமும் ஆற்றில் கரைத்த புளிதான்.

இது ஒரு பள்ளியின் குறையன்று. 'ஏசர்' என்ற ஆய்வு நம் நாட்டின் கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கிறது. 2024ஆம் ஆண்டின் ஆய்வில், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நூற்றுக்கு 30 பேர் அளவில்தான் இருந்தார்கள்.

ஆசிரியர் பக்கத்திலேயே அமர்ந்து வழிகாட்டுவதால் பயன் உண்டா? உண்டு. அமெரிக்காவில் கிராஃப்ட், பிளேசர், ஹோகன் என்ற மூவர் இத்தகைய 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். கற்பிக்கும் முறை நன்றாகவே மேம்படுகிறது. பிள்ளைகளின் கற்றலும் ஓரளவு உயருகிறது. ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பயன் குறைந்துவிடுகிறது என்றும் கண்டார்கள். பயிற்றுநரை அனுப்பிவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ராபின்சன் என்ற அம்மையாரும் அவருடைய தோழர்களும், தலைமை ஆசிரியரின் எந்தப் பணி பிள்ளைகளின் கற்றலுக்கு மிகவும் உதவுகிறது என்று ஆராய்ந்து 2008இல் எழுதினார்கள். ஐந்து வகைப் பணிகளில் முதலிடம் பெற்றது எது தெரியுமா? ஆசிரியர்கள் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்வதோடு நில்லாமல், தலைமை ஆசிரியர் தாமும் அவர்களோடு அமர்ந்து கற்பது. இதைப் படித்தபோது, வாசலில் நின்று கேள்வி கேட்ட என் நினைவுதான் எனக்கு வந்தது.

ஜப்பானியப் பள்ளிகளில் ஒரு நல்ல வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று கவனிப்பார்கள். பிறகு எல்லாரும் அமர்ந்து பேசுவார்கள். அனுபவமுள்ள வெளியார் ஒருவர் முடிவில் கருத்துச் சொல்வார். பேச்சு பாடத்தைப் பற்றித்தான், ஆசிரியரைப் பற்றியன்று. இதற்கான நேரம் பள்ளியின் வேலைத்திட்டத்திலேயே இருப்பதால் வெளியாருடைய சொல்லும் பள்ளியின் சொல்லும் வேறாவதில்லை.

அந்த ஆசிரியை கேட்ட பின் நாங்கள் மூவரும் உட்கார்ந்து மூன்று முடிவு செய்தோம். முதலாவது, ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு குறிக்கோள். "ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளையாவது தன் வழியைத் தன் வாயால் விளக்க வேண்டும்" என்பதே அது. பயிற்றுநரும் அதையே பார்ப்பார், நானும் அதையே பார்ப்பேன். இரண்டாவது, பயிற்றுநர் வகுப்பில் கண்டதை என்னிடம் புகாராகச் சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன். தவறு செய்துபார்க்க அச்சமில்லாத இடத்தில்தான் ஆசிரியரும் கற்பார். மூன்றாவது, வாரம் ஒரு பாடவேளை நான் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காருவேன். அந்த நேரத்தில் அலுவலகக் கடிதம் எதுவும் இல்லை.

எல்லாப் பிள்ளைகளும் நூறு வாங்கினார்கள் என்று சொன்னால் அது பொய். போர்ஷன் இரண்டு வாரம் பிந்தியது. மேலே பதில் சொல்லவேண்டியவன் நான், சொன்னேன். ஆனால் பின்வரிசையிலிருந்து கைகள் உயரத் தொடங்கின. அந்த ஆசிரியை எங்களில் யார் சொல்வதைக் கேட்பது என்று அதன்பின் கேட்டதேயில்லை.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பக் கற்பிக்கச் சொன்னார்கள். அத்தகைய வகுப்பில் நுழைந்து "எல்லாரும் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்?" என்று தலைமை ஆசிரியர் கேட்டால், அந்த ஒரு கேள்வியிலேயே திட்டம் படுத்துவிடும்.

இப்போது உங்களிடம் வருகிறேன். நம் பங்குப் பள்ளிக்குத் தாளாளர் நம் பங்குத் தந்தைதான். பொன்விழா நினைவாக நுழைவு வளைவு கட்டலாம் என்று விழாக் குழுவினர் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். வாரம் ஒரு மணி நேரம் நம் ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்கவும், தலைமை ஆசிரியரும் பயிற்றுநரும் அவர்களோடு அமர்ந்து பேசவும் வழி செய்யுங்கள். அந்த நேரத்தில் மற்ற வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள, படித்துவிட்டு வேலை தேடும் நம் பங்கு இளைஞர் இருவருக்கு மதிப்பூதியம் கொடுத்தால் போதும்.

பெற்றோரே, நீங்களும் பள்ளி வாசலில் நின்று "எத்தனை பேர் சென்டம்?" என்று மட்டும் கேட்டால், அதற்குப் பதில் சொல்லவே தலைமை ஆசிரியர் ஓடுவார், அவர் ஓடினால் ஆசிரியரும் ஓடுவார். வீட்டில் இன்று இரவு உங்கள் பிள்ளையிடம் ஒரு கணக்கைக் காட்டி, "இது எப்படி வந்தது, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். வீடும், பயிற்றுநரும், தலைமை ஆசிரியரும் அதே கேள்வியைக் கேட்கும் நாளில் யார் சொல்வதைக் கேட்பது என்ற குழப்பம் நம் ஆசிரியர்களுக்கு இராது.